எவ்வளவு தூரத்துக்கு

எம்மெட் தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டியின் மேல் ரப்பர் பாயை விரித்து, அதன் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். ரோவீனா பையின் ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்து அதன்மேல் வைத்தாள். குழல் சுவரைத்தான் பார்த்திருக்கிறதா என்று வைத்த பிறகும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். அலாஸ்காவுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போன அவள் தம்பி, தூக்கிக்கொண்டு போக முடியாதவற்றோடு சேர்த்து அவள் வீட்டில் விட்டுப்போன துப்பாக்கி அது. போன மாதம் வரை அது அலமாரிக்குப் பின்னால் இருப்பதே அவளுக்கு மறந்திருந்தது. எம்மெட் அதைக் கையில் எடுத்து, அதன் அடைப்பைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, போதாதென்று சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான். உன் தம்பி எண்ணெய் போட்டுத்தான் வெச்சிருக்கான். இப்ப என்ன பண்ணணும்கற?"

"குறி பாக்க வரல. பின்னாடி இருக்கற ஓட்டையும் முன்னாடி இருக்கற முள்ளும் ஒரு நேருக்கு வர்றதுக்குள்ள கை நகந்துடுது. மேல ஏதாவது மாட்டினா சரியாகும்னு சொன்னாங்க."

"எதச் சுடப்போற?"

"கொயோட்டி. கோழியத் தூக்கிட்டுப் போகுது."

எம்மெட் சும்மா தலையாட்டினார். அந்தப் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு துப்பாக்கியோடு தனியாக வரும் பெண்கள் எல்லோரும் கொயோட்டி நரி என்றுதான் சொல்வார்கள். ரோவீனாவிடம் ஒரு கோழிகூடக் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். அவளுடைய முன்னாள் கணவன் ராண்டல் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் தம்பி கிர்பியின் வீட்டில்தான் இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

"எவ்வளவு தூரத்துக்கு வேணும்?" என்று கேட்டார்.

அவளை இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அவள் மனதுக்குள் தன் வீட்டுக்குள் நடந்தாள். மகள் டெஸ்ஸாவின் அறை வாசலில் நின்றுகொண்டால் முன்கதவு நேரே தெரியும். நடுவில் கம்பளம், செருப்பு விடும் இடம், சுவரில் மாட்டிய மேல்கோட்டுகள். "வீட்டு நீளத்துக்குப் போதும்" என்றாள். சொன்ன பிறகுதான் கொயோட்டி வீட்டுக்குள் வருவதில்லை என்பது உறைத்தது. எம்மெட் அதைக் கேட்காதவர்போல அடித்தட்டிலிருந்து பெட்டிகளை எடுக்கக் குனிந்துகொண்டார்.

ராண்டல் வெளியே வந்ததிலிருந்து ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. நீதிமன்றம் அவனை அவள் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருந்தது; அவனும் வரவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை. வேலியோரப் பனியில் கால் தடம் ஏதும் இல்லை. நாய் எப்போதும்போல அடுப்புப் பக்கத்தில் தூங்கியது. ஆனால் அவள் வண்டியை வாசலைப் பார்த்தபடி பின்பக்கமாக நிறுத்தப் பழகிவிட்டாள். குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் வேறு சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று நடுவில் குழாயை மூடி மூடிக் காதுகொடுத்தாள். டெஸ்ஸா ஒருநாள் கதவை எட்டிப் பார்த்து, "யாரும்மா வராங்க?" என்று கேட்டபோது, "யாரும் வரலயே, ஏன் கேக்கற?" என்று அதட்டினாள். குளிர் இறங்கினால் அவளுடைய இடது தாடை வலிக்கும். அவன் உடைத்த இடம். மொன்டானாவில் நவம்பர் மாதத்தில் ரொட்டியைப் பாலில் தோய்த்துத்தான் அவளால் தின்ன முடியும்.

எம்மெட் முதலில் தொலைவில் குறிபார்க்கும் நீளமான ஸ்கோப் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டுத் தானே திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "இது எல்க் மான் வேட்டைக்குப் போறவங்களுக்கு. மலைக்கு அந்தப் பக்கம் நிக்கறதுகூடப் பக்கத்துல தெரியும். வீட்டுக்குள்ள இத வெச்சுப் பாத்தா கதவோட ஆணிதான் தெரியும், ஆள் தெரியாது." பிறகு கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குழாயை எடுத்துத் துப்பாக்கியின் முதுகில் வைத்துத் திருகினார். "இதப் பாரு. ரெண்டு கண்ணையும் தொறந்தே வெச்சுக்கோ. உள்ள ஒரு செவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்க இருக்கோ, குண்டு அங்க. அவ்வளவுதான் வித்தை."

அவள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள். சுவரில் தீவனக் கடையின் நாள்காட்டி தொங்கியது. அதில் ஒரு குதிரை. குதிரையின் மேல் சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த புள்ளி நிற்கவில்லை. நெற்றிக்கு ஏறியது, கழுத்துக்கு வழிந்தது, படத்தைவிட்டு வெளியே போய் மரச்சுவரில் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தது. இத்தனை நாளும் தன் கை லேசாக ஆடுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அது எவ்வளவு ஆடுகிறது என்பதை அந்தப் புள்ளி சுவர் முழுக்க எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் அப்படித்தான் ஆடும். மூச்ச விடு" என்றார் எம்மெட்.

மூச்சை விட்டாள். புள்ளி இன்னும் கொஞ்சம் ஆடியது.

அடுத்து அவர் குழலின் பக்கத்தில் ஒரு சிறிய லைட்டைப் பொருத்தினார். இருட்டில் எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் சுடக்கூடாது, அதற்குத்தான் இது என்றார். கடையின் மேல்விளக்கை அணைத்துவிட்டு, "ம், அழுத்து" என்றார். அவள் அழுத்தினாள். வெளிச்சம் வெள்ளை மூட்டையைப்போலச் சுவரில் போய் மோதியது. அவள் அதை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள்: மான் கொம்புகள், தொப்பிகள், தூண்டில்கள். அதே நேரத்தில் உள்கதவு திறந்தது. வெளிச்சத்தின் நடுவில் எம்மெட்டின் மனைவி, கையில் காபிக் குவளையோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

எம்மெட் இரண்டு விரலால் குழலைக் கீழே அழுத்தினார்.

"கண்ணு கூசுதுப்பா" என்றாள் அந்த அம்மாள் சாதாரணமாக. குவளையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எம்மெட் மேல்விளக்கைப் போட்டார். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று ரோவீனாவுக்குத் தெரியும், எம்மெட்டுக்கும் தெரியும், ஆனாலும் அவள் அதைப் பாயின்மேல் இறக்கி வைத்தாள். டெஸ்ஸா தூக்கத்தில் எழுந்து வெறுங்காலோடு குளிர்பெட்டியைத் திறந்து பால் குடிக்கிறவள். கூப்பிட்டாலும் காதில் விழாது.

"யாருன்னு பாக்கணும்னாலே இத அவங்க மேல நீட்டணும், இல்லையா?" என்றாள்.

"ஆமா."

"வேண்டாம். கழட்டிடுங்க."

எம்மெட் கழற்றினார். கழற்றிக்கொண்டே, அவளைக் கொஞ்சம் இயல்பாக்க நினைத்தவர்போலப் பேசிக்கொண்டிருந்தார். தோள்வார் ஒன்று போட்டுக்கொள்ளலாம், தோளில் பதியும் மரக்கட்டையைக் குட்டையாக்கிக் கொடுத்தால் அவளுக்கு எட்டும், பிடி கொஞ்சம் தடிப்பு, மாற்றலாம். "தவறி வெடிக்காம தடுக்கற சேஃப்டி மட்டும் இதுல பழசு. ரெண்டு பக்கமும் தள்ற மாதிரி ஒண்ணு வருது. இடதுகைக்காரங்கள விட்டா இங்க யாரும் அதக் கேக்கறதில்ல, ஒண்ணே ஒண்ணுதான் வாங்கி வெச்சிருந்தேன். அதையும் போன வாரம் கிர்பி வந்து…"

அவர் நிறுத்திவிட்டார். ரோவீனா குவளையை எடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

கிர்பி வலதுகைக்காரன். அவன் வெட்டுவதும் எழுதுவதும் பந்தெறிவதும் வலதுகையால்தான். ராண்டல்தான் இடதுகை. கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் அவன் முழங்கை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். இருவரும் சிரித்து, இடம் மாறி உட்கார்ந்துகொள்வார்கள். அவளுடைய இடது தாடை உடைந்தது அவன் எதிரே நின்று அடித்ததால் அல்ல, அவள் திரும்பி ஓடும்போது பின்னாலிருந்து வந்த கையால்.

"கிர்பிக்கு எதுக்கு அது?" என்றாள்.

எம்மெட் திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தோணலம்மா. அவன் ஒரு ஸ்கோப்பும் வாங்கினான். எல்க் காலம்தானே, யாரும் வாங்கறதுதானேன்னு… துப்பாக்கி வித்தா நான் ஆளப்பத்தி விசாரிக்கணும். இதெல்லாம் உதிரி சாமான். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் குடுக்கறதுதான்."

"எந்த ஸ்கோப்?"

சற்று முன் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்த நீளப் பெட்டியின்மேல் அவர் கண் ஒரு கணம் போய் வந்தது.

ரோவீனா இத்தனை நாளும் பயந்தது கைகளுக்கு. கதவை உடைத்துக்கொண்டு வரும் தோளுக்கு. அதற்காகத்தான் வீட்டுக்குள் தூரம் அளந்தாள். இப்போது அவளுடைய சமையலறை ஜன்னல் நினைவுக்கு வந்தது. திரை போடாத ஜன்னல். எதிரே மேய்ச்சல் நிலம், அதற்கு அப்பால் பைன் மரங்கள் கறுப்பாக வரிசை கட்டி நிற்கும் மேடு. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு அவள் தட்டு கழுவுவது தெரியும். டெஸ்ஸா ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதுவது தெரியும். நாய் குரைக்காது. பனியில் கால் தடம் வேலிப் பக்கம் இருக்காது. ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும்.

"ஜெயிலுக்குப் போய்வந்தவன் துப்பாக்கியத் தொடக்கூடாது இல்லையா?" என்றாள்.

"கூடாது. தொட்டா திரும்ப உள்ளதான்."

"அப்ப சொல்லுங்க. அவனோட நன்னடத்தை அதிகாரிகிட்ட. அவங்க வீட்டுக்குள்ள போய்த் தேடலாம், எப்ப வேணும்னாலும்."

எம்மெட் தலையை நிமிர்த்தாமல் நின்றார். "என்னன்னு சொல்றது, ரோவீனா? ஒருத்தன் ஒரு இரும்புத் துண்டு வாங்கினான்னா? கிர்பி எனக்கே வேணும்னுதான் வாங்கினேன்னு சொன்னா? அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தன் என் கடை வாசல மிதிக்க மாட்டான். வாங்கறதப் போய்ச் சொல்றான்னு பேர் வந்துட்டா… கிர்பியும் சும்மா இருக்க மாட்டான்."

அவரும் பயந்தார். அது அவளுக்குக் கோபத்தைத் தரவில்லை. பயம் என்றால் என்னவென்று தெரிந்த இன்னொருவர் எதிரே நிற்கிறார் என்பதுபோல ஒரு களைப்புதான் வந்தது. "சரி. நான் ஸ்கூல் பஸ் ஓட்டப் போகணும். துப்பாக்கி இங்கயே இருக்கட்டும், ஸ்கூலுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தப் புள்ளி வெச்ச குழாய மட்டும் மாட்டி வைங்க" என்றாள். கோட்டின் பித்தானைப் போடத் தொடங்கினாள். மேல் பித்தான் துளைக்குள் போகவில்லை. விட்டுவிட்டு மறுபடி முயன்றாள். போகவில்லை.

எம்மெட் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை இழுத்து, ஷெரிஃபின் காவல் அலுவலகத்தைக் கேட்டு, அங்கிருந்து வேறொரு எண் வாங்கி, தன் முழுப் பெயரையும் கடைப் பெயரையும் நிதானமாகச் சொன்னார். என்ன விற்றேன், யாருக்கு விற்றேன், ஏன் இப்போது சொல்கிறேன். பேசும்போது நெற்றி வேர்த்தது. வைத்துவிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோ போறாங்களாம். யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. நீ எப்பவும் போல இரு" என்றார்.

எப்பவும் போல என்றால், அவளுடைய பேருந்தில் கடைசியாக இறங்குகிற குழந்தை கிர்பியின் மகள் மேபல். முன்பல் இரண்டும் விழுந்த, முதல் வகுப்புக் குழந்தை. கிர்பியும் அவன் மனைவியும் ரோவீனாவோடு பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மேபலுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து வழிநெடுக 'பெரியம்மா' என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வருவாள். டெஸ்ஸாவுக்குப் பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சி இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகள் இறங்க இறங்கப் பேருந்து காலியானது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மேபல் மட்டும் இருந்தாள்.

"பெரியம்மா, எங்க வீட்ல ராண்டல் பெரியப்பா இருக்காரு தெரியுமா? நாள் பூரா தூங்குவாரு."

"அப்படியா?"

"அம்மா அவரு ரூமுக்குப் போகக் கூடாதுன்னுச்சு. எங்க அப்பாகூடப் போக மாட்டாரு."

ரோவீனா சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். மேல் கண்ணாடியில் குழந்தையின் ஊதா நிறத் தொப்பி மட்டும் தெரிந்தது. கிர்பியின் வாசல் வந்ததும் பேருந்தை நிறுத்தினாள். பழக்கத்தில் கை தானாகப் பொத்தானை அழுத்திற்று. மேலே சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிய, பக்கவாட்டில் 'நில்' என்ற பலகை விரிந்தது. எப்போதும் கிர்பியின் மனைவி கோட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு தபால் பெட்டி அருகே நிற்பாள். இன்று அங்கே யாரும் இல்லை. வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. மாடி ஜன்னல் ஒன்று இந்தக் குளிரிலும் ஒரு சாண் திறந்திருந்தது, உள்ளே இருட்டு.

எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு வண்டிகள் வந்தன. ஷெரிஃபின் வண்டிகள். விளக்கு போடவில்லை, ஒலி எழுப்பவில்லை. பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்கு எரியும்வரை எந்த வண்டியும் அதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்; அவையும் நின்றன. முன்வண்டியின் கண்ணாடி வழியாக ஒரு இளம் அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் ஊதாத் தொப்பியைப் பார்த்தார். அவர் உதடு ஏதோ சொன்னது.

"பெரியம்மா, கதவத் தொறக்கல."

"உக்காரு கண்ணு. சீட்டுக்குக் கீழ உக்காரு. இறங்கி, தரையில."

"எதுக்கு?"

"சும்மா. நான் சொல்ற வரைக்கும்."

குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தபடி கீழே இறங்கி உட்காருவது கேட்டது. ரோவீனா கதவின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். மாடி ஜன்னலில் திரை அசைந்தது, காற்றாகவும் இருக்கலாம். எதிரே வண்டிகள் காத்திருந்தன. பேருந்தின் சிவப்பு வெளிச்சம் பனியின்மேல் விழுந்து அணைந்தது, விழுந்து அணைந்தது. அவள் ஆக்சிலேட்டர்மேல் காலை வைத்துக்கொண்டு, மற்றொரு பொத்தானை அழுத்தினாள். நில் பலகை மெல்ல மடங்கிப் பேருந்தின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. வண்டிகள் வீட்டை நோக்கி நகர்ந்தன.