மோட்டார் நின்ற பிறகு

பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பைப் பல்லாலேயே கடித்துக் கிழித்தாள் மணிமேகலை.

சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். புருஷன் பிணம் இன்னும் திருச்சி பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து திருவெள்ளறைக்கு வந்து சேர மதியமாகிவிடும். இவள் என்னடாவென்றால், பக்கத்து வீட்டு சந்திரம்மாள் வாங்கி வைத்திருந்த மருந்தடிக்கிற புது பேட்டரி பம்பைத் தூக்கி வந்து நடுவாசலில் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"மணி, உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள் சந்திரம்மாள்.

"சார்ஜ் போட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"போட்டுத்தான் திரும்பப் பெட்டியில ஒட்டி வச்சிருக்கேன். இப்ப எதுக்கு இதெல்லாம்?"

மணிமேகலை பம்பைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்தாள். பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் எதிரே நாற்காலியில் இருந்தார்கள். ஒருவர் ஏட்டு சிவசங்கர். இன்னொருவன் செத்துப்போன வீரமலைக்குத் தம்பி ரெங்கராஜ். ஏட்டு மடியில் இருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சற்று முன்தான் அவரே படித்துக் காட்டினார். மனைவியுடன் ஏற்பட்ட தகராறில் மனமுடைந்து பூச்சிமருந்தை அருந்தியதாக. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவையும் நீட்டினார். அவள் பேனாவை வாங்கித் தரையில் வீசிவிட்டு எழுந்து போனவள், இந்தப் பெட்டியோடுதான் திரும்பி வந்தாள்.

சண்டை நடந்தது உண்மைதான். முந்தாநாள் காலையில் தெருவே கேட்டது. ஆனால் எதற்குச் சண்டை என்று ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. கைப்பம்பை அடித்து அடித்துத் தோள் கழன்றுபோய் முனகுகிற மனுஷனை, அவள்தான் அடம்பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய் இதே மாதிரி பேட்டரி பம்பு வாங்க வைத்தாள். கடைக்காரர் விளக்கிச் சொன்னபோது வீரமலை வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றார். காதில் வாங்கியவள் இவள். அதைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது எடுத்துச் சொன்னாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருஷமா மருந்தடிக்கிறேன். எனக்கே பாடம் நடத்துறியா?"

"அப்ப எக்கேடோ கெட்டுப் போங்க!"

தெருவுக்குக் கேட்டது இந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். அன்று பத்து மணிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, கத்தரித் தோட்டத்து வரப்பில் பம்பை முதுகில் கட்டியபடியே சரிந்து கிடந்தார். நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

"அண்ணி, நான் வேணும்னா சொன்னேன்?" என்றான் ரெங்கராஜ். "ஆஸ்பத்திரியில, மருந்து குடிச்சிட்டாரான்னு கேட்டாங்க. வாயெல்லாம் வாடை. ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்றது?"

"அவரு கைக்குள்ள குழாய் நுனி நாசில் இருந்துச்சு. சாகறதுக்குக் குடிக்கிறவரு நாசிலக் கழட்டிக் கையில பத்திரமா வச்சுக்குவாரா? ஆட்டோவுலயே சொன்னேன். கேட்டியாடா நீ?"

கொழுந்தனை அவள் 'டா' போட்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் வேலையைப் பார்த்தாள். தோள்வாரை மாட்டினாள். ரப்பர் வாஷரை வைத்து ஹோஸைத் திருகினாள். குழாயின் நுனியில் இருந்த நாசிலைக் கழற்றி, முற்றத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து எல்லோரும் பார்க்கவே அதற்குள் திணித்து மூடினாள். குடத்திலிருந்த குடிதண்ணீரை டேங்க்கில் ஊற்றினாள். பாதித் தண்ணீர் வெளியே சிந்தியது. துக்கத்தில் என்று நினைத்து சந்திரம்மாள் தாங்க வந்தாள். அது துக்கமில்லை, ஆத்திரம். மணிமேகலை அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டய்யா, நீங்க சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. தம்பி, இத மாட்டு."

"அண்ணி..."

"மாட்டச் சொன்னேன்."

ஏட்டு கடிகாரத்தைப் பார்த்தார். "மாட்டித்தான் காட்டுய்யா. அந்தம்மா மனசு ஆறட்டும்."

ரெங்கராஜ் முதுகில் ஏற்றிக்கொண்டான். அவனும் இருபது வருஷமாகக் கைப்பம்பு அடிக்கிறவன்தான். மணிமேகலை சுவிட்சைப் போட்டாள். மோட்டார் கர்ரென்று ஓடியது. முருங்கை மரத்தைப் பார்த்துக் கைப்பிடியை அழுத்தினான். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. கைப்பிடியை விட்டான். அடுத்த நொடி மோட்டாரும் அடங்கியது.

"அடைச்சிருக்கு. எப்பவும் எப்படி எடுப்பியோ அப்படி எடு."

யோசிக்கிற வேலையே அவனுக்கு இருக்கவில்லை. நாசிலைத் திருகி எடுத்து இடது உள்ளங்கையில் மூடிக்கொண்டான். குழாய் நுனியை வாயில் வைத்தான். ஊதினால் காற்று உள்ளே போகக் குழாய் திறந்திருக்க வேண்டுமல்லவா? கைப்பிடியை அழுத்தினான்.

மோட்டார் தானாக உயிர்பெற்றது. தண்ணீர் தொண்டைக்குள் பீய்ச்சி அடித்தது. ரெங்கராஜ் குழாயைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, கண் பிதுங்க இருமினான்.

"சுவிட்ச ஏன் அமத்தல?" என்று கேட்டாள் மணிமேகலை.

"மோட்டார்தான் நின்னுடுச்சே அண்ணி..." என்றவன் பாதியில் நிறுத்தினான். இடது கையை விரித்துப் பார்த்தான். நாசில் அதற்குள் இருந்தது. "ஐயோ, அண்ணே!" என்று தரையில் அறைந்துகொண்டு அழுதான்.

"நின்ன மாதிரி இருக்கும், சுவிட்ச அமத்தாமக் கழட்டாதீங்கன்னு சொன்னேன் ஏட்டய்யா. அதுக்குத்தான் அன்னிக்குச் சண்டை. எழுதுங்க. புருஷன் சாகட்டும்னு சண்டை போட்டவள்னு எழுதாதீங்க. சாகக்கூடாதுன்னு சண்டை போட்டவள்னு எழுதுங்க."

ஏட்டு அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். புதுத் தாள் எடுத்து, அவளை உட்காரச் சொல்லி, மெதுவாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். இந்த முறை அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த மகள் ஜோதி இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வீரமலையை பெஞ்சில் கிடத்தினார்கள். முகம் மட்டும் தெரிந்தது. உதடுகள் வெந்து வெளுத்திருந்தன. மணிமேகலைக்கு அழுகை வரவில்லை. முப்பது வருஷம் அடிச்சவராம், பெரிய கெட்டிக்காரர் என்றுதான் மனசுக்குள் ஓடியது. அந்த முகத்தை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது.

வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியில் அவள் முறை வந்தது. மூன்று பிடி போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். அவள் முதல் பிடியைப் போட்டாள். இறுக மூடியிருந்த வாயில் அரிசி நிற்காமல் கன்னத்தில் சரிந்து காதோரம் போனது.

"போதும்மா, அடுத்ததப் போடு. நேரமாகுது" என்றார் யாரோ.

அவள் குனிந்து, காதோரம் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். அந்த உதடுகளின்மேல், இம்முறை மிக மெதுவாக, மறுபடியும் வைத்தாள்.