சாக்ஸில் கட்டிய கரி

பவளத்தைத் தொட்டிக்குள் வைத்தே வெட்டக் கூடாது என்பது மீன்தொட்டி பராமரிக்கும் தொழிலின் முதல் பாடம். சின்னவன் அன்று தொட்டிக்குள் வைத்தே வெட்டினான். வெளியே எடுத்து, வாளியில் வைத்து வெட்டி, அலசி, திரும்ப உள்ளே வைக்க முதுகு ஒத்துழைக்கவில்லை. முதுகின் பேச்சைக் கேட்டுப் புத்தியைக் கைவிட்டான். குடைபோல் விரிந்திருந்த, தோல் பவளம் எனும் மென்பவளம் கத்தரி பட்டதும் சுருங்கிக்கொண்டு கொழகொழவென்று எதையோ கக்கியது. அக்கம்பக்கத்தை அடக்கி வைக்க அது உடம்புக்குள் சேர்த்து வைத்திருக்கும் நஞ்சு அது. கொஞ்ச நேரத்தில் மற்றப் பவளங்கள் கடையடைப்பு அறிவித்த தெருபோல வரிசையாக மூடிக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அந்த நஞ்சை உறிஞ்ச ஒரு வலைப்பை நிறையக் கரி போதும். பை வீட்டில், குளியலறை வாளியில் பத்திரமாக ஊறிக்கொண்டிருந்தது.

தொட்டி நின்றது டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்பு அறையில். பார்வையாளர்களுக்குப் பஞ்சமில்லை. நோயாளிகளோடு வந்தவர்கள் தொலைக்காட்சியை விட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

"என்ன சார், சோப்பு எதாவது போட்டீங்களா?" என்றார் அந்தப் பக்கம் வந்த சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர். கொஞ்சம் கோவிச்சுக்கிச்சு."

"யாரு?"

"பவளம்."

சிஸ்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். இரத்த அழுத்தம் பார்க்கலாமா என்று யோசிக்கிற பார்வை.

இந்தப் பவளங்களை இங்கே குடியேற்றியதே சின்னவன்தான். முன்பு தண்ணீரிலிருந்து அழுக்கு நுரையைப் பிரித்தெடுக்கும் மெஷின் ஒன்று தொட்டிக்கு அடியில் இருந்தது. அது நாளெல்லாம் குறட்டை விடும். உள்ளேயும் மெஷின், வெளியேயும் மெஷினா என்று நோயாளிகள் சலித்துக்கொண்டார்கள். மெஷினே வேண்டாம், மென்பவளம் போதும் என்று சின்னவன் மார்தட்டினான். மீன் கழிவு கரைந்த தண்ணீரிலிருந்தே இவை உடம்பு வளர்க்கும். வளர்ந்ததை அவ்வப்போது வெட்டி வெளியே எடுத்தால் அழுக்கும் அதோடு வெளியேறிவிடும். பாதி வேலையைத் தொட்டிப் பாறைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பார்க்கும், மீதியை இவை பார்க்கும். இந்த விளக்கத்தை அவன் அண்ணனிடமும் ஒப்பித்திருந்தான். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்குள்ளயும் ஒண்ணு வளத்து விடேன்டா, வாரத்துக்கு ஒருக்கா முடி வெட்டுற மாதிரி வெட்டிட்டுப் போறேன்" என்றான்.

அண்ணன் இப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கையில் ஊசியோடு மெஷினில் இருந்தான்.

சின்னவனுடைய சிறுநீரகம் அண்ணனுக்குப் பொருந்துகிறது என்று பரிசோதனைகள் எல்லாம் சொல்லிவிட்டன. டாக்டர் சரி என்றார். சின்னவனின் மனைவி அழுது தீர்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க" என்றாள். அண்ணி எதுவும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்கே அவளுக்கு உயிர் போனது. வாய் திறக்காதவன் அண்ணன் ஒருவன்தான். திறப்பான், ஆனால் பதில் மட்டும் வராது. "மொதல்ல உன் தொப்பையக் கொறை" என்பான். "உனக்கு என்னடா அவசரம், அது அவ்ளோ கனமாவா இருக்கு?" என்பான். வேண்டும் என்றும் சொல்லமாட்டான், வேண்டாம் என்றும் சொல்லமாட்டான். உங்கள் அண்ணன் வாயால் சம்மதம் வராமல் மேற்கொண்டு ஓரடி எடுத்துவைக்க முடியாது, இன்று போவதற்குள் கேட்டுச் சொல்லுங்கள் என்று காலையில்தான் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடத்தான் சின்னவன் கத்தரியைக் கையில் எடுத்தான் என்றும் சொல்லலாம்.

அவன் தண்ணீர் அறைக்கு ஓடினான். டயாலிசிஸ் மெஷின்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறை அது. அங்கிருந்த டெக்னீஷியன் வழக்கமாகவே தொட்டிக்குத் தண்ணீர் தருகிறவர், உப்பை மட்டும் சின்னவன் கலந்துகொள்வான்.

"தண்ணி எடுத்துக்குங்க. ஆளுங்க ரத்தத்தச் சுத்தம் பண்ற தண்ணி, சிந்தாம எடுங்க" என்றார் டெக்னீஷியன். "கரி வேணுமா? போன தடவ எங்க ஃபில்டர்ல மாத்தினப்போ மிஞ்சுனது ஒரு மூட்டை கெடக்கு. புதுசு. ஆனா பை இல்ல."

குருணைக் கரி. கைக்குட்டையில் கட்டினால் தண்ணீர் உள்ளே போகாது, கொசுவலைத் துணி கைவசம் இல்லை. சின்னவன் அங்கேயே நின்று, இந்தக் கட்டடத்தில் பை மாதிரி என்னவெல்லாம் இருக்கும் என்று யோசித்தான். பிறகு கையைக் கழுவி, முகமூடி மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளினான்.

மெஷினில் இருக்கும்போது அண்ணனுக்குக் குளிரும். அதற்காக அண்ணி ஒரு போர்வையும் இரண்டு ஜோடி சாக்ஸும் பையில் வைத்து அனுப்புவாள். சின்னவன் அந்தப் பையைக் குடைந்தான்.

"என்னடா தேடுற?"

"சாக்ஸ்."

"கிட்னி குடுக்க வந்தவன் சாக்ஸத் தூக்கிட்டுப் போறானே, சிஸ்டர், பாத்தீங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். சிரிப்பில் ஊசிக் கை அசைந்து அவருடைய மெஷின் கத்த ஆரம்பித்து, சிஸ்டர் வந்து அண்ணனை முறைத்துவிட்டுப் போனார்.

"ஒண்ணு போதும்ணே. துவைச்சதுதானே?"

"உங்க அண்ணி துவைச்சது. சந்தேகம்னா அவகிட்டயே கேளு, எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

சின்னவன் கரியைச் சாக்ஸில் போட்டு, குழாயில் கறுப்பு போகும்வரை அலசி, கழுத்தை முடிந்து, தொட்டியில் தண்ணீர் பாயும் இடத்தில் தொங்கவிட்டான். சாம்பல் நிறத்தில், குதிகாலோடு, யாரோ தொட்டிக்குள் குதிக்கப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி அது ஆடியது. வெட்டிய துண்டுகளை வாளியில் எடுத்தான். பழைய தண்ணீரை இறக்கினான், புதுத் தண்ணீரில் உப்பைக் கலந்து கேன் கேனாகத் தூக்கி ஊற்றினான். யாரும் உதவிக்கு எழவில்லை. எழுந்திருந்தாலும் அவன் விட்டிருக்கமாட்டான். கடைசிக் கேனை இறக்கும்போது தரை தன்னை வா வா என்று கூப்பிடுவது போலிருந்தது. மீன்கள் கீழே இறங்கிவிட்டன. பவளங்கள் ஒன்றும் திறக்கவில்லை.

ஈரச் சட்டையோடு அண்ணன் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். முழங்கால்கள் தனித்தனியாகப் புகார் செய்தன. மெஷின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணனின் முகம், நாளெல்லாம் வண்டி ஓட்டியவன் முகம் மாதிரி, தொங்கிப்போயிருந்தது. இத்தனைக்கும் அவன் சும்மா படுத்திருந்தவன்தான்.

"பொழைக்குமா?" என்றான் அண்ணன்.

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"இப்பவே என்ன சொல்றது."

"அட, வளத்தவன் நீ. உனக்குத் தெரியாதா? நேராச் சொல்லேன்டா."

சின்னவன் அவனைப் பார்த்தான். இதைச் சொல்வதற்கு உலகத்தில் கடைசியாகத் தகுதியுள்ள ஆள் சொல்கிறான். சண்டை போடத் தெம்பில்லை.

"வெட்டுனது பொழைச்சிரும். அது மறுபடி வளந்துக்கும். மத்ததுல ஒண்ணு ரெண்டு போகலாம். தப்பு என்னோடது."

அண்ணன் தலையை ஆட்டினான். குழாயில் ஓடுகிற தன் இரத்தத்தைப் பார்த்தான்.

"உனக்கு மறுபடி வளருமா?"

"வளராது."

"சும்மாவாவது வளரும்னு சொல்ல வேண்டியதுதானே."

"நேராச் சொல்லச் சொன்னியே. இருக்குற இன்னொண்ணு கொஞ்சம் பெருசாகி வேலையப் பாத்துக்கும்னு டாக்டர் சொல்றார். அவ்ளோதான்."

"எங்கிட்ட வந்து அது கெட்டுப் போச்சுன்னா?"

"கெட்டுப் போகலாம்."

"அப்புறம் உன் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? உன் பொண்டாட்டி மூஞ்சில?"

இத்தனை மாதமாக அண்ணன் விட்ட ஜோக்குகளெல்லாம் இந்த ஒரு கேள்வியை மூடி வைத்த துணி என்று சின்னவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"காலைல எப்படி முழிக்கிறியோ அப்படித்தான். அண்ணே, டாக்டர் கேட்டாரு. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். தொப்பையப் பத்திப் பேசாத. வேணுமா, வேண்டாமா?"

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தார். அண்ணன் வாயைத் திறந்தான், உதட்டோரம் வழக்கமான கோணல் வந்தது. ஏதோ ஜோக்குதான் வரப்போகிறது என்று சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். ஊசி இல்லாத கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து அவன் ஈரச் சட்டையைப் பிடித்தது.

"வேணும்டா," என்றான் அண்ணன். "எனக்கு வேணும்."