போதை ஒழிப்புக் கூடாரம்

உலகத் தமிழினத்துக்கும், கிழக்கு லண்டன்வாழ் பொதுமக்களுக்கும், காரை நிறுத்த இடம் தேடி அலைந்துகொண்டிருக்கும் சகலருக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில்: கவுன்சிலின் போதைப்பொருள் கொள்கை வகுப்பில் நம் சமூகத்தின் குரல் வரலாற்றில் முதன்முறையாக ஒலிக்கப்போகிறது. அந்தக் குரல் பாலேந்திராவுடையது. அறிவித்தவரும் அவரே, தமது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், கைகூப்பிய தம் படத்துடன்.

அந்தக் குழுவில் சுவர்ணா இல்லை. இருந்திருந்தால் கவுன்சில் கூட்டத்தன்று பிளேஸ்டோவில் தன் வீட்டுப் படியையே அவள் தாண்டியிருக்க மாட்டாள்.

அவளையும் கவுன்சில்தான் அழைத்திருந்தது, ஆனால் எந்தச் சங்கத்தின் சார்பிலும் அல்ல. சூப்பர்மார்க்கட்டில் பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்து, வலிக்குக் கோடீன் மாத்திரை தொடங்கி, இடுப்பு சுகமான பிறகும் மாத்திரையை விட முடியாமல் தவித்து, கடைசியில் கவுன்சில் கிளினிக்கின் உதவியோடு விட்டவள் அவள். இது தெரிந்த தமிழர் உலகத்தில் ஒருவர்தான், அவளுடைய கணவர். சங்கத் தலைவர்கள் மட்டும் போதாது, பட்டறிந்த ஒருவரும் ஆலோசனை மேசையில் இருக்க வேண்டும் என்று கவுன்சில் அதிகாரி ஹெலன் கெஞ்சினாள். தமிழர் யாராவது வருவார்களா என்று சுவர்ணா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஹெலன் பட்டியலைப் பார்த்தாள். 'பல்லினப் பண்பாட்டு மேம்பாட்டு ஒன்றியம்' என்று ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது. அதில் தமிழ் வாடையே இல்லை; யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மானியம் சுலபமாகக் கிடைக்கட்டும் என்று சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து தமிழை உருவி எடுத்தவர் பாலேந்திரா என்பது ஹெலனுக்கு எப்படித் தெரியும்?

சுவர்ணா கூட்ட அறைக் கதவைத் திறந்தாள். சரிகைக் கரைச் சால்வையோடு பாலேந்திரா உட்கார்ந்திருந்தார். காலியாக இருந்த ஒரே நாற்காலி அவருக்குப் பக்கத்தில்.

கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் காணும் முகம். அவருக்குத் தெரிந்தால் மனைவி தவநாயகிக்குத் தெரியும். தவநாயகிக்குத் தெரிந்தால், ரயில் போய்ச் சேருமுன் நகரத்தின் மறுகோடி ஹவுன்ஸ்லோவுக்குத் தெரியும்.

"ஒவ்வொருவராகப் பெயரையும், எந்த வகையில் வந்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்," என்றாள் ஹெலன். "அவரிலிருந்து தொடங்குவோம்." அவர் என்றால் பாலேந்திரா. அடுத்தது சுவர்ணா.

மற்ற எல்லோரும் உட்கார்ந்தே பேசும் அறையில் பாலேந்திரா எழுந்து நின்றார். சங்கத்தின் தலைவர் என்றார். கோயிலின் முன்னாள் அறங்காவலர், பழைய மாணவர் சங்கத்தின் போசகர், பூப்பந்துச் சுற்றுப்போட்டியின் நிரந்தரக் காப்பாளர் என்றார். பிறகு தமிழரின் தொன்மைக்குப் போனார். கல்வெட்டுகளைக் கடந்து அவர் மெல்ல லண்டன் வந்து சேர்ந்தபோது, ஒருவர் பிஸ்கட் தட்டை முடித்திருந்தார். "எங்கள் சமூகத்தில் இந்தப் பழக்கம் அறவே இல்லை," என்று பக்கத்து நாற்காலியின் முதுகைத் தட்டி முழங்கினார். அந்த நாற்காலியில்தான் சுவர்ணா.

சங்கத் தலைவர் ஒருவரின் உரை இன்னும் கொஞ்சம் நீளாதா என்று இந்த நகரத்தில் முதன்முதலாக ஏங்கியவள் அவளாகத்தான் இருக்கும். ஏக்கம் வீண்போகவில்லை. ஹெலன் கடிகாரத்தைப் பார்த்து, மற்றவர்கள் தேநீர் நேரத்தில் அறிமுகமாகிக்கொள்ளட்டும் என்றாள். சுவர்ணாவுக்குப் போன உயிர் திரும்பியது.

அடுத்து, அறவே இல்லாத அந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்குப் பாலேந்திரா வழி சொன்னார். தேர்த்திருவிழா அன்று கோயில் வாசலில் ஒரு கூடாரம். 'போதை ஒழிப்பு' என்று ஆளுயர எழுத்து. ஒலிபெருக்கி. பாதிக்கப்பட்டவர்கள் உள்ளே வந்து ஆலோசனை பெறலாம். ஹெலன் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டாள்.

சுவர்ணாவின் கண்ணில் கூடாரம் தெரியவில்லை. அதற்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு, யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தவநாயகிதான் தெரிந்தாள்.

"ஒரு காக்கா குருவிகூட வராது," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அறை திரும்பியது. பாலேந்திராவும் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?"

சுவர்ணா அவசரமாகச் சமாளித்தாள். "இல்லை... தேரன்று கோயில் மண்டபத்தில் நீரிழிவுக்குச் சீனி பார்க்கிறார்களே, அந்த வரிசைக்குத்தான் எல்லோரும் போவார்கள். அதில் நிற்க யாருக்கும் வெட்கமில்லை."

"எங்கள் கிளினிக் ஆளையும் சீனி பார்க்கும் அறைக்குள்ளேயே உட்கார வைத்தால்?" என்றாள் ஹெலன்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் பாலேந்திரா.

தேநீர் நேரத்தில் அவர் அவளைச் சுவரோரம் மடக்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நீங்கள் ஆரெண்டு எனக்கு விளங்கீட்டுது."

சுவர்ணா வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

"மறைக்காதேங்கோ. பாத்த உடனையே பிடிச்சிட்டன்."

"அண்ணை, வீட்டிலை தவநாயகி அக்காட்டை மட்டும்..."

"சண்முகராசாவின்ரை மகளிர் அணிதானே?"

சுவர்ணா விழித்தாள்.

"எங்கடை சங்கத்திலையிருந்து பிரிஞ்சு போனவன். போட்டிக்கு மகளிர் அணி தொடங்கிறான் எண்டு கேள்விப்பட்டனான். ஆனா கவுன்சில் மேசையிலை கொண்டுவந்து இருத்துவான் எண்டு நினைக்கேல்லை. நீங்கள் தலைவியோ, செயலாளரோ?"

பதவி இல்லாத ஒரு தமிழர் ஒரு மேசையில் உட்காரக்கூடும் என்பது அந்த மனிதரின் கற்பனைக்கு எட்டாத விஷயம். சுவர்ணாவுக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"ஓம் அண்ணை," என்றாள். "செயலாளர்."

"கெட்டிக்காரி. எங்கடை பக்கம் வாங்கோ, தலைவி ஆக்கிறன்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை."

பஸ்ஸில் போகும்போது அவள் தனியே சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

தேரன்று கூடாரம் இல்லை. மண்டபத்தில் வரிசை வாசல்வரை நீண்டது. அதில் நின்ற ஒரு இளம் தாய், விரலில் ஊசி குத்த ஆகும் நேரத்தைவிட வெகு அதிக நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள்.

"என்ன பிள்ளை, சீனியோ?" என்று தவநாயகி கேட்டாள்.

"இல்லை மாமி, நோர்மல்," என்று அவள் தேரைப் பார்க்கப் போனாள். தூணோரம் நின்ற சுவர்ணா நெடுநாளுக்குப் பிறகு ஆறுதலாக மூச்சு விட்டாள்.

ஒரு செய்தி மட்டும் அன்று தேர் வீதி சுற்றி இருப்புக்கு வருமுன்னே ஹவுன்ஸ்லோ வரை போய்விட்டது. படப்பிடிப்பாளரோடு சீனி பார்க்கும் அறைக்கு முதல் ஆளாகப் போய், நாடாவை வெட்டி, சமூகத்துக்கு முன்மாதிரியாக விரலை நீட்டியிருந்தார் தலைவர்.

பாலேந்திராவுக்குச் சீனி வருத்தம்.