எட்டாம் பொத்தான்

கொழும்பில் 'டிஜே ஜெரி' என்றால் கிளப் வாசலில் நிற்கும் காவற்காரன்கூடக் கதவைத் திறந்துவிடுவான். சொந்த ஊரான குருநகரில் அவன் மக்டலீன் வளர்த்த பெடியன், அவ்வளவுதான். அவன் சின்னவனாக இருக்கும்போதே தாய் செத்துவிட, தாயின் தங்கையான மக்டலீன்தான் தன் மகள் லவீனாவோடு சேர்த்து அவனுக்கும் சோறு போட்டு ஆளாக்கினார். இன்று லவீனாவின் கலியாணம். காலையில் வேதக்கோயில், மத்தியானம் மண்டபம். வரவேற்புக்குப் பாட்டுப் போட வேறு யாரையாவது பிடித்தால் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று சண்டை பிடித்து, ஜெரிசன் தன் பாட்டு மேசை, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருந்தான்.

அவன் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிய கதையில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் கோயில் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டப் போனவன், புத்தகத்தின் பக்கம் திரும்பவேயில்லை. சுன்னாகத்தில் ஒரு சவுண்ட் சேர்விஸில் வயர் சுற்றினான். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் பெடியளின் கொண்டாட்டங்களுக்குப் பாட்டுப் போட்டான். பிறகு கொழும்பு, கடலோரத்து ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு நைற் கிளப். முதல் வருடம் அவனை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரிய டிஜேக்கள் வருமுன் வெறும் கதிரைகளுக்குப் பாட்டுப் போடும் வேலை. 'எல்லாரிடமும் இருக்கிறதுதான் உன்னிடமும் இருக்கிறது, உனக்கென்று ஒன்றைக் கொண்டு வா, இல்லாவிட்டால் ஊருக்குப் போ' என்று மனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

அந்தக் காலத்தில்தான் லவீனாவின் தகப்பன் கனிசியஸ், கடலுக்குத் தொழிலுக்குப் போன இடத்தில், படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பாரிஸிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் செத்தவீட்டைப் பார்க்கவேண்டாமா? இப்போது எங்கள் ஊரில் வீடியோ இல்லாமல் யாரும் சேமக்காலைக் குழிக்குப் போவதில்லை. சத்தம் தெளிவாக விழட்டும் என்று ஜெரிசன் தன்னிடமிருந்த நல்ல மைக்கைப் பிரேதப் பெட்டியருகே வைத்தான். சத்தியமாக அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

கெட்டது பிறகு, கொழும்பில், அறையில் தனியே இருந்து அந்தப் பதிவைக் கேட்டபோது நடந்தது. சின்னம்மா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னை ஆரிட்டை விட்டிட்டுப் போறீங்கள்" என்று கதறினார். அந்தக் கடைசிச் சொல் இழுபட்டு, மேலே மேலே ஏறி, இனி உடைந்துவிடும் என்கிற இடத்தில் உடையாமல் நின்றது. ஜெரிசன் அழுதான். அழுதுகொண்டிருக்கும்போதே அவன் கை அந்த இடத்தை வெட்டி எடுத்தது. தொழில் புத்தி அவ்வளவு கேவலமானது.

குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மெல்லியதாக்கி, தன் பாட்டு மேசையின் எட்டாம் பொத்தானில் ஏற்றினான். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பாட்டெல்லாம் நிற்கும். விளக்கு அணையும். அந்தக் குரல் மட்டும் தனியே ஏறும். அது நின்ற கணத்தில் பேஸ் தாளம் வந்து நெஞ்சில் இடிக்கும். முதல் தரம் போட்டபோது கிளப்பே எழுந்து கூவியது. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் நிதானத்தில் இல்லை. இரண்டு வருடத்தில் அதுவே அவனுக்கு அடையாளமாகி, சுவரொட்டியில் அவன் பெயர் மேலே போய்விட்டது. வெள்ளியும் சனியும் அந்தப் பொத்தானை அமத்தி அமத்தி, அது யாருடைய குரல் என்பதே அவனுக்கு மறந்துபோனது. ஊருக்கு வரும்போது அதை அழித்துவிட்டு வரவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

மண்டபத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை றமேஸ் கொழும்பில் வேலை செய்கிறவன். கூட வேலை செய்யும், சனிக்கிழமைகளில் ஜெரியின் கிளப்புக்குப் போகும் சிங்களப் பெடியள் ஒரு வான் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். லவீனா வெள்ளை உடுப்பை மாற்றிக் கூறைச்சேலை உடுக்க உள்ளே போன நேரம், அவர்கள் ஜெரிசனின் மேசையைச் சுற்றி நின்று "ஜெரி! ஜெரி!" என்று கத்தத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பது எது என்று அவன் கைக்குத் தெரியும். அவன் யோசிக்கவில்லை. கை போய் அமத்திவிட்டது.

பாட்டு நின்றது. "என்னை ஆரிட்டை விட்டிட்டுப் போறீங்கள்..."

கொழும்புப் பெடியள் கையை உயர்த்திக்கொண்டு, இடி விழக் காத்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மண்டபம் உறைந்துபோனது. ரோல்ஸ் பலகாரத் தட்டோடு வந்த பெண் நடுவழியில் நின்றாள். ஆண்கள் கதிரையிலிருந்து பாதி எழும்பினார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு, "ஆரு பிள்ளை போயிட்டது?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். ஜெரிசனுக்கு அப்போதுதான் காது திறந்தது. அவன் எல்லாவற்றையும் இழுத்து மூடினான். 

முன்வரிசையிலிருந்து மக்டலீன் எழும்பி அவனை நோக்கி வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தான். இந்தச் சனத்தின் முன்னால் கன்னத்தில் விழப்போகிறது, விழட்டும்.

"தம்பி, ஆரடா உந்தப் பொம்பிளை?"

"என்ன சின்னம்மா?"

"இப்ப அழுதவ. ஆர் அவ?"

ஜெரிசன் அவர் முகத்தைப் பார்த்தான். கோபம் மருந்துக்கும் இல்லை, இரக்கம்தான் இருந்தது.  அவருக்குத் தன் குரலே தெரியவில்லை! தெரியத்தான் எப்படி? தான் கதறியதைத் தானே எட்ட நின்று கேட்டவர் யார்?

"அது... கொம்பியூட்டரிலை செய்தது, சின்னம்மா."

"கொம்பியூட்டருக்குப் புருசன் செத்ததே? எனக்குக் கதை விடாதை. உது வயிறெரிஞ்சு அழுத அழுகை. ஆரோ ஒரு நாசமறுவான் செத்தவீட்டிலை பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறான். அந்த மனுசிக்குத் தெரிஞ்சால் தாங்குவாவே?"

"ஓம், சின்னம்மா. அழிச்சுவிடுறன்."

தப்பிவிட்டான். அதோடு அவர் திரும்பிப் போயிருந்தால் அவன் பாடு சுகம். ஆனால் மக்டலீன் போகவில்லை. லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அவவின்ரை பேரை விசாரிச்சுச் சொல்லு, தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவவுக்காக ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். நான் பட்டதைத்தானே அவவும் பட்டிருக்கிறா."

 ஜெரிசன் என்ன பெயரைச் சொல்வான்? பொய்ப் பெயர் ஒன்றைச் சொன்னால் அதற்கும் இந்த மனுசி முழங்காலில் நின்று மன்றாடும். உண்மையை வாயால் சொல்லவும் அவனுக்கு நெஞ்சுரம் இல்லை. கோழை. செத்தவீட்டில் பிடித்தபடியே இருந்த முழுப் பதிவையும் எடுத்து ஓடவிட்டு, தன் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினான்.

"கேளுங்கோ, சின்னம்மா."

அவர் கொண்டை குலையாமல் அதைப் பக்குவமாக மாட்டிக்கொண்டார். புருவத்தைச் சுருக்கிக் கேட்டார்.

"ஓம், அவதான். இப்ப குரல் கொஞ்சம் தடிப்பாக் கிடக்கு." பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஐயோ, பின்னாலை ஒரு குமர்ப்பிள்ளையும் அழுது. அப்பா, அப்பா எண்டு..."

அவர் கை ஹெட்போனை இறுக்கிப் பிடித்தது.

"தம்பி, உது லவீனாவெல்லோ."

ஜெரிசன் குனிந்து நின்றான்.

"என்ரை பிள்ளையின்ரை குரல் எனக்குத் தெரியாதே? உது லவீனா. அப்ப முன்னாலை அழுகிறது..."

வாய் திறந்தபடியே நின்றது. அவர் தொடர்ந்து கேட்டார். ஹெட்போனுக்குள்ளிருந்து கசிந்த சத்தம் அவனுக்கும் கேட்டது. அந்தச் சொல் ஏறி ஏறிப் போய் நிற்கும்வரை அவர் கண்ணை இமைக்கவில்லை. கூறைச்சேலையில் லவீனா வாசலுக்கு வந்துவிட்டாள். சனம் கை தட்டியது. றமேஸ் அங்கிருந்தே, "அண்ணை, பாட்டு!" என்று கூப்பிட்டான்.

மக்டலீன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்தார். அடிப்பார் என்று ஜெரிசன் ஆசையோடு காத்து நின்றான். அவர் அடிக்கவில்லை. வளர்த்த பிள்ளையை முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"இதுக்கு எத்தினை சனமடா ஆடினது, ஜெரிசன்?"