குளவி யாருக்காகக் கட்டியது?

கரிக்கலாம்பாக்கத்து ஆதிமூலம் வீட்டில் பெண் பார்க்க ஆள் வருகிற அன்றைக்குத்தானா ஒரு குளவிக்கு வீடு கட்ட வேளை வரவேண்டும்? கூடத்துச் சுவரில் சட்டை மாட்டுகிற ஆணிக்கு அடியில், விடிந்ததும் விடியாததுமாக ஈர மண்ணைக் கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது அது. கோலம் போட மாவு எடுத்துக்கொண்டு வந்த விருத்தாம்பாள் அதைப் பார்த்ததும் கிண்ணத்தோடு மாவைக் கவிழ்த்துவிட்டாள்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் இதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. மருத்துவச்சி நாடி பிடித்துச் சொன்னால்கூட நம்பலாமா என்று யோசிப்பார்கள். குளவி சொல்லிவிட்டால் உடனே தூளி கட்டப் பழஞ்சேலை தேடுவார்கள்.

சரி, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஆதிமூலம் கரும்பு போடுகிறவர், பெண்சாதியை இழந்தவர். அவர் மகள் முத்துலட்சுமியைத்தான் இன்றைக்குப் பார்க்க வருகிறார்கள். மிச்சம் இருப்பது ஆதிமூலத்தின் அக்காள் விருத்தாம்பாள். அவள் புருஷன் போலீஸ் வேலைக்கென்று சைகோனுக்குக் கப்பலேறி ஐந்து வருஷமாகிறது, இன்னும் திரும்பவில்லை. இவர்களில் குளவி யாரைச் சொன்னாலும் மானம் கப்பலேறிவிடும்.

"அத்தே, ஒடைச்சி எறிஞ்சிடு" என்றாள் முத்துலட்சுமி.

"ஒடைக்கவா? கூட்ட ஒடைச்சா கருவுக்கு ஆவாதுடி."

"யாரு கருவுக்கு?"

விருத்தாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் வவுத்த இன்னாத்துக்குப் பாக்குற?"

"நான் எங்கடி பாத்தேன்?"

"பாத்த. அப்ப நானும் உன் வவுத்தப் பாக்கட்டுமா?"

"செருப்பு பிஞ்சிடும்! உங்க மாமன் போயி எத்தினி வருசம் ஆவுது!"

"அதான் சொல்றேன். யாருக்கும் இல்லன்னா ஒடைக்கிறதுல இன்னா பாவம்?"

"வேற எவளுக்காவது இருக்கும்டி. பூச்சி வூடு மாறி வந்திருக்கும். நாம ஒடைச்சா அவளுக்கில்ல ஆவும்?"

முத்துலட்சுமியின் முகம் வாடிப்போனது. மாப்பிள்ளைப் பையன் ஒதியம்பட்டு தங்கவேலை வில்லியனூர்த் தேரன்றைக்குப் பார்த்ததிலிருந்து இந்தப் பெண் வேறு நினைப்பே இல்லாமல் இருக்கிறாள். தேர் இழுத்த வேகத்தில் அவன் சேற்றில் விழுந்து, எழுந்து, இவளைப் பார்த்துச் சிரித்தானாம். "இந்த எடம் தட்டிப் போச்சின்னா வேற எவனுக்கும் நான் காப்பி கொண்டாந்து வெக்க மாட்டேன்" என்று நேற்றே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

உடைக்கவும் கூடாது, இருக்கவும் கூடாது. அதுவாகவே வேலையை நிறுத்தினால்தான் உண்டு. விருத்தாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளவிக்குப் பின்னாலேயே தோட்டத்துக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியடிச் சேற்றில் அது மண் உருட்டுவதைப் பார்த்து, அந்த இடத்தில் கோணிப்பையைப் போட்டு மூடினாள். குளவி அவள் மூக்குக்கு நேராக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேலி தாண்டி அடுத்த வீட்டுத் தோட்டத்துச் சேற்றுக்குப் போய்விட்டது.

அடுத்த நடையில் அது அவரைப் பந்தலுக்கு வந்தது. அங்கே வலை பின்னி ஹாயாகத் தொங்கிக்கொண்டிருந்த சிலந்தியைப் பிடித்து ஒரே ஒரு கொட்டு. சிலந்தி காலை மடக்கிக்கொண்டது. அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் பறந்தது குளவி.

"கொன்னுடுச்சேடி!" என்றாள் விருத்தாம்பாள், பின்னாலேயே வந்த முத்துலட்சுமியிடம்.

"சாவல அத்தே. மயக்கத்துல இருக்குது. கூட்டுல போட்டு, அது மேல முட்டை வெச்சி மூடிடும். குஞ்சு வந்து உசுரோட தின்னும்."

"உனக்கு யாருடி சொன்னது?"

"ஒரு பழைய கூடு தானா உழுந்து ஒடைஞ்சிது. பாத்தேன்."

"புள்ளைக்குச் சோறு கட்டி வெச்சிட்டு இல்ல போவுது! உங்க மாமனுக்கு இந்தப் புத்தி இருந்துச்சா?" என்று மூக்கைச் சிந்தினாள் விருத்தாம்பாள். ஆனாலும் விடவில்லை. முருங்கை மரத்தில் இருந்த கும்பிடுபூச்சி ஒன்றைப் பிடித்துவந்து சுவரில் விட்டாள். அது எந்தப் பூச்சி வந்தாலும் கும்பிட்டபடியே பிடித்துத் தின்கிற ஜாதி. அன்றைக்கு என்னவோ கூட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேலே ஏறி ஓட்டுச் சந்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

இதற்குள் அடுத்த வீட்டுத் தனக்கொடி உள்ளே வந்துவிட்டாள். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் ஊர் சமாசாரத்தில் கொஞ்சமும் சலிப்படையாதவள்.

"எங்க வூட்டுச் சேத்த எடுத்துகினு ஒரு குளவி இந்தப் பக்கம் வந்துது. எங்க போவுதுன்னு பாத்தேன்" என்றவள் ஆணிப் பக்கம் பார்த்தாள். கண் விரிந்தது. "யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்ல. போடி."

"சொல்ல வேணாம்கா. நான் இன்னா ஊரெல்லாம் சொல்லப் போறனா?" என்று சொல்லிக்கொண்டே ஊரெல்லாம் சொல்லப் போனாள்.

வண்டி வந்துவிட்டது. தங்கவேலின் தாயார் தெய்வநாயகி இறங்கினாள். பின்னாலேயே அவள் அண்ணன் சுப்பராயலு இறங்கினார். சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு வந்த பிரம்மச்சாரி. தலையில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெள்ளைத் தொப்பி. அந்தக் குடும்பத்தில் தொப்பி ஆடினால்தான் தலைகள் ஆடும். அதோடு அவருக்கு இன்னும் சைகோனில் கூட்டாளிகள் உண்டு. இங்கே குளவி கட்டியது தெரிந்தால் விருத்தாம்பாளின் புருஷனுக்கு அடுத்த கப்பலிலேயே செய்தி போகும்.

"பொன்ழூர்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் சுப்பராயலு.

"ஆமாங்க" என்றார் ஆதிமூலம்.

கூட்டை மறைத்து ஆதிமூலத்தின் சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள் விருத்தாம்பாள். சுப்பராயலு உள்ளே வந்ததும், "இன்னாபா இது, வாசலுக்கு நேரா அழுக்குச் சட்ட?" என்று அதை இழுத்து மூலையில் போட்டார். விருத்தாம்பாளுக்கு மூச்சு நின்றது. அவரோ சைகோனில் தெருவெல்லாம் எவ்வளவு சுத்தம் என்று ஆதிமூலத்துக்குச் சொல்லியபடி, சுவர்ப் பக்கம் திரும்பாமலே தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தொப்பி கூட்டை அப்படியே விழுங்கிக்கொண்டது. விருத்தாம்பாளுக்கு மூச்சு வந்தது.

குளவியும் வந்தது. வாயில் சிலந்தி. வாசற்படி தாண்டி வந்து, தன் வீட்டைக் காணாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் தொப்பி விளிம்புக்கு அடியில் நுழைந்துகொண்டது. உள்ளேயிருந்து 'ஙீ' என்று ஒரு ராகம்.

"இன்னா சத்தம் அது?" என்றார் சுப்பராயலு.

"பஞ்சாலைங்க" என்றாள் விருத்தாம்பாள். "காத்து இப்பிடி அடிச்சா புதுச்சேரியில ஓடுறது இங்க கேக்கும்."

முத்துலட்சுமி காப்பி கொண்டுவந்தாள், விழுந்து கும்பிட்டாள். சாப்பாடு நடந்தது. சுப்பராயலு ஒரு தூக்கமும் போட்டார். அவ்வளவு நேரமும் குளவி மண்ணும் சிலந்தியுமாக நடை போட்டுக்கொண்டிருந்தது. எழுந்து கிளம்புகிற நேரத்தில் தனக்கொடி ஒரு கிண்ணம் நிறைய மாங்காய்க் கீற்று, உப்பு மிளகாய் தூவி, எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வாய்க்கு நல்லா இருக்கும்னு கொண்டாந்தேன்" என்று கண்ணடித்தாள்.

"யாரு வாய்க்கு?" என்றாள் தெய்வநாயகி.

ஆதிமூலம் திருதிருவென்று விழித்தார். "எனக்குத்தான்மா" என்றார். "காலையிலேருந்து ஒரே கொமட்டல்."

தெய்வநாயகி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா வூட்டுக்குப் போயி யோசிச்சி..." என்று இழுத்தார். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கதவோரம் முத்துலட்சுமியின் வளையல் சத்தம் நின்றுபோனது.

சுப்பராயலு ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார். வரவில்லை. வெடுக்கென்று இழுத்தார். வந்தது. தலையில் வைத்து அழுத்தினார்.

முதலில் கொஞ்சம் மண் உதிர்ந்தது. அப்புறம் ஒரு சிலந்தி நெற்றி வழியாக நிதானமாகச் சரிந்து மூக்கின் மேல் தங்கி, ஒரே ஒரு காலை மட்டும் ஆட்டியது.

"மோன் தியே!" என்று பிரெஞ்சிலேயே கடவுளைக் கூப்பிட்டு அலறித் தொப்பியை வீசினார். மீசையில் ஒன்று, காதில் ஒன்று, வழுக்கையில் ஒரு கும்பல். "சைகோன்ல புலி பாத்திருக்கேன்! புலி! எட்றா இத, எட்றா!" என்று அவர் குதிக்கிற குதியில் ஓட்டுச் சந்திலிருந்த கும்பிடுபூச்சியும் விழுந்து அவர் தோளில் உட்கார்ந்து கும்பிட்டது.

தெய்வநாயகி தொப்பியைக் குனிந்து எடுத்து உள்ளே பார்த்தாள். சுவர்க் கூட்டையும் தொப்பியையும் சேர்த்துப் பூசிவிட்டிருந்தது குளவி. இழுத்த இழுப்பில் முழுக் கூடும் தொப்பியோடு வந்துவிட்டது.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "குளவி கூடு கட்டியிருக்குது."

"அட, ஐயாவுக்கா!" என்றாள் தனக்கொடி, வாய் நிறைய மாங்காயோடு.

"சைகோன்ல யாராவது இருக்கறாளாண்ணே? எங்கிட்ட மறைக்காத."

"சீச்சீ! இன்னா பேச்சு பேசுற நீ!"

விருத்தாம்பாள் இதுதான் சமயம் என்று முன்னால் வந்தாள். "பாருங்க, எங்க சுவத்துல ஒன்னும் இல்ல. ஐயா தொப்பியிலதான் இருக்குது. அதுக்காக நாங்க வெளியில சொல்லுவமா? சம்பந்தி வூட்டு மானம் எங்க மானம் இல்லியா?" என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். "சம்பந்தம் ஆவலன்னாதான் கஷ்டம். இதோ நிக்குறாளே தனக்கொடி, இவ வாய யாரு கட்டுறது?"

தனக்கொடி மென்றுகொண்டே ஆமாம் என்று தலையாட்டினாள்.

சுப்பராயலு காதிலிருந்த சிலந்தியைத் தட்டிவிட்டார். "தெய்வநாயகி, தட்ட மாத்து" என்றார்.

தாம்பூலம் மாறியது. முத்துலட்சுமி சந்தோஷம் தாங்காமல், விழுந்த சிலந்திகளை ஒன்றொன்றாக முறத்தில் பொறுக்கிக் கூட்டுக்குள் திரும்பப் போட்டு, தொப்பியை ஆணியில் மாட்டினாள். உடைக்கக் கூடாதே. சுப்பராயலு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

வண்டி மறைந்ததும் விருத்தாம்பாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்தாள். ஒரு கீற்றுகூட இல்லை. ஆதிமூலம் தொடவேயில்லை.

"ஏன்டி, அவ்வளவையும் நீயே தின்னியா?"

"வாய்க்கு நல்லா இருந்துச்சிக்கா. இப்பல்லாம் புளிப்புன்னா விட மாட்டேங்குது மனசு. காலையில எழுந்தாதான் ஒரே..." தனக்கொடி பாதியில் நிறுத்தினாள்.

இருவரும் தொப்பியைப் பார்த்தார்கள். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கத்துச் சேற்றைப் பார்த்தார்கள்.

"அப்பவே சொன்னேன்" என்றாள் விருத்தாம்பாள். "வூடு மாறித்தான் வந்துக்குது."

தனக்கொடி கிண்ணத்தைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாத."

"சேச்சே" என்று சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தெருவுக்குக் கிளம்பினாள் விருத்தாம்பாள். "நான் இன்னா ஊரெல்லாம் சொல்லப் போறனா?"