ஏழு வாரம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. பொது மருத்துவமனையின் மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆறாம் எண் கட்டிலின் குறிப்பேட்டில் காலை ஒன்பது நாற்பதுக்கு எழுதப்பட்டது: "நாற்பத்தேழாவது நாள். அழைத்தால் பதில் இல்லை. சுவாசம் இயந்திர உதவியால்."

கட்டிலில் இருந்தவர் நாற்பத்தாறு வயது மெக்கானிக். ரயில்வே கேட்டை ஒட்டித் தம்பியோடு சேர்ந்து பட்டறை வைத்திருந்தார். ஜனவரி 24 மதியம், பள்ளிக்கூட வேன் ஒன்றின் பின்சக்கரத்தைத் தம்பி மாட்டினான். வேன் கிளம்பும் நேரத்தில் அண்ணன் குனிந்து பார்த்தார். நான்கு நட்டுகள் முறுக்கப்படவே இல்லை. ஓட்டுநரின் எதிரிலேயே தம்பியைப் பார்த்துக் கத்தினார்: "கண்ணை எங்கடா அடகு வச்ச? உள்ள இருபது புள்ளைங்க உட்காரும். நீயெல்லாம் கையில ஸ்பேனரைத் தொடலாமா?"

ஸ்பேனர் தம்பியின் கையில்தான் இருந்தது. ஒரே அடி. அண்ணன் விழுந்த இடத்தில் ஜாக்கி இருந்தது. பின்மண்டை அதன்மேல் மோதியது. தம்பியே அவரைத் தூக்கி அந்த வேனில் போட்டான். ஆனால் வேனை எடுப்பதற்கு முன் ஓட்டுநர் இறங்கி நான்கு நட்டுகளையும் முறுக்க வேண்டியிருந்தது. மருத்துவமனை வாசலில் இருந்த போலீஸ்காரரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, தம்பி "நான்தான் சார் அடிச்சேன்" என்றான். அதனால் ஜாமீன் சுலபமாகக் கிடைத்தது. மருத்துவமனைக்குள் வரக்கூடாது என்பது நிபந்தனை.

அண்ணனுக்கு மூச்சு இருக்கும்வரை அது காயப்படுத்திய வழக்கு. மூச்சு நின்றால் ஆளைக் கொன்ற வழக்கு. திங்கட்கிழமைதோறும் காவல் நிலையத்திலிருந்து வார்டுக்கு ஃபோன் வரும். "ஆறாம் நம்பர் இருக்காரா?" "இருக்காரு சார்." அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் மெக்கானிக்கின் மனைவியையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். வார்டு வாசலில் இருந்த காவலாளிக்குப் பார்வையாளர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட். நாற்பத்தேழு நாளாகத் தினமும் இரண்டு முறை பார்க்கும் முகங்களிடமும் அவர் பாஸ் கேட்பார். அன்றும் கேட்டார்.

"எங்க மூஞ்சி இன்னுமா மனப்பாடம் ஆகல?" என்றார் அம்மா.

"மூஞ்சி தெரியும்மா. மூஞ்சியில சீல் இல்லையே."

டாக்டரின் அறை சிறியது. கையுறைப் பெட்டிகள், ஓடாத எடை மெஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐம்பதைத் தாண்டிய டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ஸ்கேன் மூணு தடவை எடுத்தாச்சு. மூணு டாக்டர் தனித்தனியா பார்த்துட்டாங்க. அவர் திரும்பி வரமாட்டார். மெஷின் அவரைப் பிழைக்க வைக்கலம்மா. சாகாம வச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"என்னைப் பார்க்கிறான் டாக்டர்," என்றார் அம்மா. "நான் பக்கத்துல போனா கண்ணு என் பக்கம் வருது."

"கண் திறந்திருக்கு. பார்க்கல."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். லென்ஸ் வெட்டுவாள், வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்து, கண்மணி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் புள்ளி வைப்பாள். பத்தொன்பது வருடம் கண்களைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்குப் பார்க்கிற கண்ணையும் வெறுமனே திறந்திருக்கும் கண்ணையும் பிரித்தறிய ஸ்கேன் தேவைப்படவில்லை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் இருந்தாள்.

"பார்க்கல," என்றாள்.

மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குறி தப்பவில்லை.

"மெஷினை நிறுத்தணும்னா சட்டப்படி மனைவிதான் கையெழுத்துப் போடணும்," என்றார் டாக்டர். "எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்கு என்ன வேணும்னு கேட்கல. அம்மாவுக்கு என்ன வேணும்னும் கேட்கல. அவரே ஒரு நிமிஷம் எழுந்து உட்கார்ந்து தன்னோட நிலைமையைப் பார்த்தா, என்ன சொல்லுவார்?"

"ஏழு வாரம் பொறுத்துக்கங்கன்னு சொல்லுவான்," என்றார் மாமியார்.

"அது என்ன ஏழு வாரம்?"

மாமியார் சொல்லிவிட்டார். ஏப்ரல் 28 அன்று வழக்கு வருகிறது. அன்றைக்குச் சின்னவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே தீர்ப்பு. இரண்டு வருடத்துக்குமேல் போகாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் பெரியவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பத்து, பன்னிரண்டு வருடம்.

டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டார். "இதை நான் கேட்டதா வச்சுக்கணுமா, கேட்காததா வச்சுக்கணுமா?"

"கேட்டதாவே வச்சுக்கோங்க. அவனுக்கு வலிக்குதா?"

"இல்ல."

"பசிக்குதா?"

"இல்ல."

"அப்போ இன்னும் ஏழு வாரம் படுத்திருந்தா அவனுக்கு என்ன குறைஞ்சு போகும்? தூங்கறவன் தூங்கட்டுமே. முழிச்சிருக்கறவனுக்குப் பன்னெண்டு வருஷம் போகுதே டாக்டர்."

"ஒருத்தர் உடம்பை இன்னொருத்தர் கேஸுக்காகப் பிடிச்சு வைக்க முடியாதும்மா."

"யாரு இன்னொருத்தர்? ரெண்டு பேரும் ஒரே வயித்துல வந்தவங்க."

டாக்டர், இயந்திரத்தை நிறுத்தச் சம்மதிக்கும் படிவம் ஒன்றை எடுத்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். படிவத்தின் ஒரு பிரதியை மனைவியிடம் கொடுத்து, படித்துப் பார்த்து வைக்கச் சொன்னார்.

படிக்கட்டில் இறங்கும்போது மாமியார், "உங்களுக்குத்தான் ஒண்ணும் பொறக்கலையே. சின்னவனைத்தானே உன் புருஷன் புள்ளையா வளர்த்தான்" என்றார். குத்திக்காட்டியது போலவும் இருந்தது, கெஞ்சியது போலவும் இருந்தது.

ஏழு வாரம் பொறுக்கச் சொல்வான் என்று மாமியார் டாக்டரிடம் சொன்ன பதில் சரி என்பதுதான் அவளை உறுத்தியது. பதினொரு வருடத்துக்கு முன், வாடிக்கையாளரின் காரைச் சோதனைக்கு எடுத்துப்போன தம்பி ஒரு தள்ளுவண்டிக்காரரின் காலை முறித்துவிட்டு வந்தான். போலீஸ் வந்தபோது அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போய், "ஓட்டினது நான்தான்" என்றார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்பாள். "சின்னப் பையன், விடு" என்பார். சின்னப் பையனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "பெரியவன் தாங்குவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே டாக்டரின் கேள்விக்கு விடை அவளுக்குத் தெரியும். அவர் எழுந்து உட்கார்ந்தால், குழாய்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பியின் தேதி என்ன என்று கேட்டுவிட்டு, மறுபடி படுத்துக்கொள்வார்.

புதன்கிழமை மதியம் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். சளி உறிஞ்சும் நேரம். வழக்கமாக அப்போது உறவினர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்று அவள் நகரவில்லை, நர்ஸும் வற்புறுத்தவில்லை. தொண்டைத் துளைக்குள் மெல்லிய குழாய் இறங்கியதும் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. முகம் மட்டும் எதிலும் சேராமல் கிடந்தது. இரண்டு மணிக்கொரு தடவை இது. பிறகு நர்ஸும் உதவியாளரும் அவரைப் புரட்டினார்கள். இடுப்புக்குக் கீழே இருந்த புண்ணில் அவள் உள்ளங்கை அடங்கும்.

"அண்ணே, இந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள் நர்ஸ். பிறகு இவளைப் பார்த்து, "இவரை மாதிரி தொல்லை குடுக்காத பேஷண்ட் யாருமே இல்லக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். துணியை எடுக்கப் போய்விட்டாள்.

"வலிக்காதுன்னு டாக்டர் சொன்னாரே," என்று அவள் உதவியாளரிடம் கேட்டாள்.

"வலிக்காதுங்க. உடம்பு அதுபாட்டுக்குத் துள்ளும்."

"அது பாட்டுக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

வெளியே வந்தபோது மூன்றரை மணி. சாலைக்கு எதிர்ப்பக்கம் பேருந்து நிழற்குடையில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். உள்ளே வர அனுமதி இல்லாததால் அவன் பகல் முழுவதும் அங்கேதான் இருப்பதாக மாமியார் சொல்லியிருந்தார். முடி வெட்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அண்ணி. அண்ணன் எப்படி இருக்காரு?"

"அப்படியேதான்."

"காய்ச்சல்னு அம்மா சொன்னாங்க."

"இறங்கிடுச்சு."

"நல்லவேளை," என்றான். சற்று நேரம் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் தாங்குவாராண்ணி?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் அவள் முகத்தில்தான் இருந்தன. குறும்பு இல்லை, கள்ளம் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பவன் போலக் கேட்டிருந்தான்.

"டயரையா கேட்கற?" என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. "நான் வேணும்னு பண்ணலண்ணி. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அண்ணன் மட்டும் நல்லா இருந்திருந்தா…"

"இருந்திருந்தா?"

"நான் பார்த்துக்கறேன், நீ போடான்னு சொல்லியிருப்பாரு." அழ ஆரம்பித்தான். நிழற்குடையில் இருந்த இரண்டு பெண்கள் அவளைத்தான் முறைத்தார்கள், ஏதோ அவள் திட்டி அழ வைத்ததுபோல.

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதே அறை, அதே மூன்று நாற்காலிகள். மாமியார் டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் எடை மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். படிவத்தில் பெயர், வயது, உறவு எல்லாவற்றையும் அவள் முந்தைய நாளே நிரப்பியிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: "நோயாளியின் விருப்பம் (தெரிந்த அளவில்)."

அதில் "தெரியாது" என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தில் அவரைப் பற்றி அவளுக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது வேறெதுவும் இல்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "உனக்குத் தெரியும்டி."

"தெரியும் அத்தை."

"அப்புறம் எதுக்கு இப்படி எழுதற?"

"அவர் தம்பிக்காகச் செஞ்சதுக்கெல்லாம் பத்தொன்பது வருஷம் தலையாட்டியாச்சு. ஒருதடவை கூட என்னைக் கேட்டதில்ல. இந்தத் தடவைதான் கேட்டிருக்காங்க."

"பழி தீர்க்கறியா?"

அவள் யோசித்தாள். "அதுதான் எனக்கு நிஜமாவே தெரியல."

டாக்டர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் எதிர்ல பேசிட்டு, நான் கேட்காத மாதிரி இருக்க முடியாது. அவர் காத்திருக்கத்தான் சொல்லுவார்னு நீங்களும் நினைக்கறீங்களா?"

"நல்லா இருந்தப்ப தம்பிக்கு எதையும் தூக்கிக் குடுப்பாரு டாக்டர். குடுக்கறேன்னு அவர் வாயால சொல்லிக் குடுப்பாரு. இப்ப அவர் குடுக்கலையே. நாங்கதானே எடுத்துக்கறோம். ரெண்டு மணிக்கொரு தடவை."

அது முந்தைய நாள் வார்டில் பிறந்த பதிலா, பேருந்தில் தயார் செய்த பதிலா என்று டாக்டர் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தின் கீழே அவள் சொன்னதைத் தன் கையால் இரண்டு வரியில் எழுதி, தேதி போட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கையெழுத்திட்டாள்.

மாமியார் எழுந்தார். "பெரியவனை அவன் ஒரு அடிதான் அடிச்சான்," என்றார். "நீ ரெண்டு பேரையும் அடிச்சுட்ட."

"நாளைக்கு பதினோரு மணிக்கு," என்றார் டாக்டர். "நீங்களும் கூட இருக்கலாம்மா."

"எனக்கு வேற வேலை இருக்கு," என்றார் மாமியார்.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இயந்திரம் நிறுத்தப்பட்டது. மெக்கானிக் நாற்பத்து மூன்று நிமிடம் தானாக மூச்சு விட்டார். மனைவி அருகில் இருந்தாள். அம்மா எதிரே நிழற்குடையில் இளைய மகனோடு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வழக்கின் பிரிவு மாற்றப்பட்டது. புதன்கிழமை ஜாமீன் ரத்தானது. நவம்பர் 6 அன்று தம்பிக்கு ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாமியாரும் மருமகளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சமையல் தனித்தனி.