பெயர் தெரியாத நபர்

இணையம் ஊருக்குள் அடியெடுத்து வைத்த காலத்தில் எங்கள் வழக்கறிஞர் சங்கம் ஒரு கூட்டம் நடத்தியது. இனி இணையத்துக்குள் சட்டம் ஒழுங்கு என்னவாகும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். திருடர்களின் கூடாரமாகும் என்றார் ஒருவர். கணினிக்குள்ளேயே காவல் நிலையம் வரும் என்றார் இன்னொருவர். அப்போது நீதிபதியாக இருந்த நான் எழுந்து, "எதுவும் வேண்டியதில்லை. நல்ல குடும்பத்தில் பிறந்தவன் தெருவில் எச்சில் துப்ப மாட்டான்; அங்கேயும் துப்ப மாட்டான்" என்றேன். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

சென்ற செவ்வாய்க்கிழமை, அடுத்த தெரு மருந்துக்கடைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் அச்செடுத்த ஒரு தாள். போலீசுக்குப் புகார் எழுதித் தரவேண்டும் என்றாள்.

"போலி மாத்திரை விக்கிறேன்னு நெட்டுல எவனோ எழுதிட்டான் சார். மூணு வாரமா கடையில ஈ ஓட்டுறேன். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்."

படித்தேன். நான்கு மாத்திரை கேட்டவருக்குக் காலாவதித் தேதி இல்லாத பக்கமாக அட்டையை வெட்டிக் கொடுத்தாளாம். ஏன் என்றதற்குச் சிரித்தாளாம்; ஆகவே மாத்திரை போலியாம். அந்த அட்டையை நான் பார்த்திருக்கிறேன். மாடியில் குடியிருக்கும் என் தம்பி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சாப்பாட்டு மேசையில் அதை ஆட்டி ஆட்டிக் காட்டினான். அன்று நானும்தான் உச்சுக்கொட்டினேன்.

"இதைப் பெரிசுபடுத்தாதேம்மா. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சங்கத்துல நீங்க பேசினதை எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு சார். நல்ல குடும்பத்துல பொறந்தவன் அங்க துப்ப மாட்டான்னு. அப்போ இவன் எந்தக் குடும்பமோ?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. உட்காரச் சொல்லிவிட்டு மாடியேறினேன்.

"பேரே போடலையேண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் தம்பி.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேடா."

"வெளிய தெரிஞ்சா குடும்ப மானம் கப்பலேறிடும்ணே!"

"அது ஏறி மூணு வாரமாச்சு. கீழே வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டான்.

கீழே வந்து புகாரை என் கையாலேயே எழுதினேன். எதிர்த்தரப்பு யார் என்ற இடம் வந்ததும், "பெயர் தெரியாத நபர்னு போட்டுடுங்க சார்" என்றாள்.

தம்பியின் பெயரை எழுதினேன். அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்தது தந்தை பெயர். வாசல் பலகையிலும் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகளிலும் நான் பார்த்துப் பார்த்துப் போட்ட பெயர். பேனா நின்றது. பிறகு ஓரெழுத்தும் குறைக்காமல் எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் கையெழுத்திடவில்லை. நான்காக மடித்தாள்.

"யோசிச்சுட்டுச் சொல்றேன் சார்."

"யோசிம்மா. எனக்காகக் கிழிச்சுடாதே" என்றேன்.